எடுத்த பிறகும் அழுகிய சுண்டுவிரல்

பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. கடகடவென்று நாலைந்து சுற்று, கொஞ்சம் நிதானம், மறுபடி கடகட. மெஷினில் நூலும் இல்லை, துணியும் இல்லை. ஊசியை மாமியார் எப்போதோ கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். அதை மிதித்துக்கொண்டிருந்தது அவளுடைய கொழுந்தன். நாற்பத்து மூன்று வயது பஸ் டிரைவர்.

"அண்ணி, சத்தம் தொந்தரவா இருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்ல தம்பி, நீ மிதி. பன்னிரண்டாம் நம்பர் இப்ப எங்க போயிட்டிருக்கு?"

"மார்க்கெட் முக்கு திரும்பிட்டேன். குறுக்க ஒரு சைக்கிள்காரன்."

மெஷின் சட்டென்று நின்றது. சைக்கிள்காரன் நிதானமாகக் கடந்து போயிருக்க வேண்டும். பிறகு மறுபடி கடகட.

அவள் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். சாப்பாட்டு மேஜைதான் அவளுடைய ஆபீஸ். ஒரு பக்கம் உப்பு ஜாடி, மறுபக்கம் இரண்டு திரைகள். இடது திரையில் முகம் தெரியாத யாரோ ஒருவரின் குதிகால் பற்றி ஒரு டாக்டர் எழுதியது. வலது திரையில் அந்தக் குதிகாலுக்கு அவள் போட வேண்டிய எண். டாக்டர்கள் நோயை வார்த்தையில் எழுதுவார்கள். அதை எண்ணாக மாற்றுவது கோடர் வேலை. வார்த்தையை யாரும் படிப்பதில்லை. ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ், வேலை கொடுப்பவர் என்று எல்லோரும் படிப்பது எண்ணைத்தான். ஆகவே ஒரு மனிதனுக்கு என்ன வியாதி என்று உலகத்துக்குச் சொல்வது டாக்டர் இல்லை, அவள்தான். இதை அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. மனசுக்குள் சொல்லிக்கொள்ளாத நாளும் இல்லை.

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒதுக்கப்பட்டது புண், ஆறாத ரணம், சதை அழுகல். காய்ந்த அழுகல், ஈர அழுகல், விரலில் தொடங்கி முழங்கால் வரை ஏறியது என்று அதில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அவள் விரல் நுனியில். வேடிக்கை என்னவென்றால், அவள் ஒரு அழுகலையும் கண்ணால் பார்த்ததில்லை. நர்ஸ் படிப்பில் சேர்ந்த முதல் மாதம், ஒரு நோயாளியின் கால் நகத்தை எடுக்கும்போது பக்கத்தில் நின்றவள் வேரறுந்த வாழை மாதிரி சாய்ந்துவிட்டாள். நோயாளிதான் எழுந்து வந்து தண்ணீர் தெளித்தார். அத்தோடு நர்ஸ் கனவுக்கு முழுக்கு. விதி அவளை வெள்ளை உடுப்பிலிருந்து பத்திரமாகக் காப்பாற்றி, இந்த மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து, நாளுக்கு நாற்பது அழுகலை அனுப்பிக்கொண்டிருந்தது.

அவளுடைய தொழிலுக்கு ஒரே ஒரு வேதம். "எழுதலைன்னா இல்லை." விரல் கறுத்திருக்கிறது என்று டாக்டர் எழுதினால் அது கறுத்த விரல்தான். அழுகல் என்று கோடர் ஊகிக்கக்கூடாது. சர்க்கரையும் அழுகலும் ஒரே சார்ட்டில், அதாவது ஒரே நோயாளியின் குறிப்பில், இருந்தால் மட்டும், டாக்டர் முடிச்சுப் போடாவிட்டாலும் இவள் சேர்த்துவைத்து இ-11.52 என்று போடலாம். விதிப் புத்தகமே நடத்திவைத்த கல்யாணம் அது. மற்றபடி சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அந்தக் கேள்விக்குள் பதில் இருக்கக்கூடாது. "இது அழுகல்தானே டாக்டர்?" என்று கேட்டால் அது குற்றம். "வலது கால் ஐந்தாம் விரலின் தற்போதைய நிலையைத் தெளிவுபடுத்தவும்" என்று கேட்டால் அது உத்தமம்.

ஆபீசில் அவளுக்கு 'இல்லக்கா' என்று பெயர். வீட்டிலும் அதே வேதம்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், "நேத்தே சொன்னேனே, இன்னைக்கு வர லேட்டாகும்னு" என்றால், "எங்க எழுதி வெச்சீங்க?" என்பாள். பாவம், அந்த மனிதர் இப்போதெல்லாம் தலைவலித்தால்கூட ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுத்தான் படுக்கிறார்.

ஏழு மாதத்துக்கு முன் கொழுந்தன் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்து, "அண்ணி, இந்தச் சுண்டுவிரலப் பாருங்களேன், கறுத்துப்போச்சு. உணர்ச்சியே இல்ல" என்றபோது, அவள் என்ன செய்தாள் தெரியுமா? முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "டாக்டர் என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்டாள்.

"டாக்டரையே இன்னும் பாக்கல அண்ணி."

"பாத்துட்டு வா. எழுதினதைக் காட்டு, சொல்றேன்."

நல்ல வேளை, மாமியாருக்குக் கோடிங் தெரியாது. அவர் குனிந்து ஒரே ஒரு பார்வை பார்த்தார். மூன்று வீடு தள்ளிக் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார். மகனின் சட்டைக் காலரைப் பிடித்து அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். விரல் போயிற்று, கால் தப்பியது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கணுக்கால் வரை எடுத்திருப்போம் என்றாராம் அறுவை டாக்டர்.

புண் ஆறி வேலைக்குத் திரும்பியதிலிருந்து டிப்போ அவனை வண்டியிலிருந்து இறக்கி, தொலைந்த சாமான் அறையில் உட்காரவைத்திருந்தது. பயணிகள் மறந்துவிட்டுப்போன குடைகளுக்கும் ஒற்றைக் கையுறைகளுக்கும் காவல். "விரலைத் தொலைச்சவனுக்குப் பொருத்தமான எடம்தான் அண்ணி" என்று சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போய் மெஷினை மிதிப்பான். அதை மிதிக்கும்போது அவன் உதடு அசையும். பன்னிரண்டாம் நம்பரின் ஒவ்வொரு நிறுத்தத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போவான். சமையலறையிலிருந்து மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இன்று அதற்கெல்லாம் ஒரு முடிவு. டிப்போவின் மருத்துவப் பிரிவிலிருந்து சரிபார்ப்பாளர் வீட்டுக்கு வருகிறார். எல்லாம் சரி என்று அவர் எழுதினால் திங்கட்கிழமை ஓட்டிக்காட்டும் சோதனை, பிறகு பழையபடி பன்னிரண்டாம் நம்பர். இல்லை என்று எழுதினால் டிரைவர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் சாகும்வரை குடைதான்.

பதினொன்றே காலுக்கு அழைப்புமணி அடித்தது.

வந்தவர் ஒல்லியாக, நெட்டையாக, ஒரு கண்டிப்பான மூக்கோடு இருந்தார். வெளியே தூறல். நனைந்த குடையைக் கதவு மூலையில் சாய்த்துவைத்தார். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"நல்ல கடிகாரம்" என்றார்.

"என் மருமகளுக்கு ஆபீஸ்ல குடுத்தது" என்று மாமியார் முந்திக்கொண்டார். "அந்த மாசம் ஒரு சார்ட்டுகூட பாக்கி வெக்காம முடிச்சது இவ ஒருத்திதானாம். அவ கண்ணுல தப்பு தப்பவே தப்பாது சார்."

சரிபார்ப்பாளர் அவளை ஒரு மரியாதையோடு பார்த்தார். எண்ணோடு வாழ்பவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். அவளுக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. பையைத் திறந்து காகிதங்களை விளிம்பு பிசகாமல் அடுக்கிய அழகு ஒன்றே போதும்.

கொழுந்தன் காலுறையைக் கழற்றிக் காலை ஒரு முக்காலியில் நீட்டினான். அவள் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். சரிபார்ப்பாளர் பென்சில் முனையால் தொடாமலேயே எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

"அஞ்சாவது ஆஸ்பத்திரியில இருக்கு சார்" என்றான் கொழுந்தன். "வேணும்னா அவங்கள எண்ணச் சொல்லலாம்."

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி காகிதம்.

"அறுவைக்கு ஆறு வாரம் கழிச்சு ஒரு செக்கப் போனீங்களா?"

"போனேன் சார். நல்லா ஆறிடுச்சு, இனிமே வர வேணாம்னு சொல்லிட்டார் டாக்டர்."

"அவர் எழுதினதைப் படிக்கிறேன்" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "மேல, 'வலது கால் ஐந்தாம் விரல் எடுத்த இடம் நன்கு ஆறிவிட்டது'ன்னு இருக்கு. கீழ, 'வலது கால் ஐந்தாம் விரல், கறுத்துள்ளது, காய்ந்த அழுகல்'னு இருக்கு. அந்தக் கீழ் வரிக்குத்தான் கோட் போட்டிருக்காங்க. இ-11.52. சர்க்கரையால ரத்த ஓட்டம் கெட்டு அழுகல். இன்னைக்கு வரைக்கும் உங்க பேர்ல இருக்கறது அதுதான்."

ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்த தூறல் அவள் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

அந்தச் சார்ட் அவளுக்குத் தெரியும். சார்ட்டுகள் பெயரில்லாமல்தான் வரும், ஒரு நீள எண்ணோடு. நாற்பதில் ஒன்று, யாருடைய விரல் என்று அவள் யோசிக்கவே இல்லை. அது ஒரு மாதத்தின் கடைசி நாள். அறுவைக்கு முன்னால் எழுதிய குறிப்பை டாக்டர் அப்படியே பிரதியெடுத்து ஒட்டிவிட்டு, மேலே ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தார் என்பது குழந்தைக்கும் விளங்கும். ஆனால் கோடர் ஊகிக்கக்கூடாதே! விதிப்படி உத்தமமான கேள்வி ஒன்றை அனுப்பினாள். ஐந்தாம் விரலின் தற்போதைய நிலையைத் தெளிவுபடுத்தவும். டாக்டரிடமிருந்து பதில் வந்தது: 'குறிப்பைப் பார்க்கவும்.'

எந்தக் குறிப்பு புரியவில்லை என்று கேட்டாளோ, அதே குறிப்பை!

இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். மேலதிகாரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் அந்த ஒரு சார்ட் பாக்கியில் நிற்கும். மணி மாலை ஐந்தரை. அவளுடைய பாக்கிப் பட்டியலில் அது ஒன்றுதான் மிச்சம். முடிவு என்று டாக்டர் எழுதியிருப்பது கீழ்வரி, அதற்குப் போடுவோம் என்று போட்டாள். பட்டியல் பூஜ்யமாயிற்று. கடிகாரம் வந்தது.

அது மட்டுமா? அன்று சாப்பிடும்போது அவள் அதை ஒரு நகைச்சுவையாகச் சொன்னாள். "இன்னைக்கு ஒரு சார்ட் வந்துச்சு பாருங்க. விரலை எடுத்தாச்சாம், ஆறிடுச்சாம், அதே விரல் இன்னும் அழுகிட்டும் இருக்காம்!" மேஜையே சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் கொழுந்தன். கண்ணில் நீர் வர, மேஜையைத் தட்டித் தட்டி, "அந்த விரலுக்கு எவ்வளவு ரோஷம் பாருங்க அண்ணி, போயும் விடமாட்டேங்குது" என்று சிரித்தான்.

"சார்" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "இப்ப நீங்களே எண்ணினீங்களே. நாலுதானே இருக்கு? இல்லாத விரல் எப்படி சார் அழுகும்?"

"அழுகாது."

"அப்ப அதை எழுதுங்க."

"நான் டாக்டர் இல்லம்மா" என்றார் அவர் பொறுமையாக. "என் ஃபாரத்துல, 'பார்த்தது'ன்னு ஒரு கட்டம் கிடையாது. ஆவணத்துல என்ன இருக்குன்னுதான் கேட்டிருக்கு. நான் கண்ணால பாக்கறதை எழுத ஆரம்பிச்சா அப்புறம் அதுக்கு முடிவே இருக்காது. எங்க ஆபீஸ்ல ஒரே ரூல்தான். எழுதலைன்னா இல்லை. எழுதியிருந்தா இருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய வார்த்தை, அவளுடைய நிதானம், கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொள்ளும் அந்தத் தோரணைகூட அவளுடையதே. பத்தொன்பது வருஷமாகத் தான் மற்றவர்களுக்கு எப்படி இருந்தோம் என்பதை, அவள் சொந்த வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார்.

மாமியாருக்கு இப்போதுதான் விஷயம் விளங்கத் தொடங்கியது. "அப்ப என் பிள்ளைக்கு வண்டி கிடையாதா சார்?"

"இந்தக் கோட் இருக்கற வரைக்கும் கிடையாதும்மா. அழுகல் இருக்கற காலோட பிரேக் மிதிக்க விட முடியாது."

"யார் போட்டது அந்தக் கோட்டை?"

அவர் காகிதத்தின் அடிப்பகுதிக்குப் போனார். "பேர் இருக்காது. நம்பர்தான் இருக்கும். கோடர் நாலு ஒண்ணு ஏழு."

"பாவி!" மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "யார் பெத்த பாவியோ! அந்த நாலு ஒண்ணு ஏழு விளங்குவாளா? என் பிள்ளை அஞ்சு மாசமா குடைக்கு நடுவுல உக்காந்திருக்கானே, அவ வீட்டுல இப்படி ஒருத்தன் உக்காந்திருந்தா அப்பத் தெரியும் அவளுக்கு!"

"அம்மா, சும்மா இரு" என்றான் கொழுந்தன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் சொன்னான், "அவங்க என்னம்மா பண்ணுவாங்க? டாக்டர் எழுதினதைத்தானே போட முடியும். அண்ணி எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. இல்ல அண்ணி?"

சாட்டையால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அண்ணிக்காகத்தான் வாதாடுகிறோம் என்று தெரியாமலேயே வாதாடினான்.

அவளுடைய அடையாள அட்டை கதவோரச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சரிபார்ப்பாளரின் தலைக்கு மேலே, சரியாக ஒரு முழ உயரத்தில். அவளுடைய சிரித்த முகம், அதன் கீழே கொட்டை எழுத்தில் 417. அந்த அட்டையை வீட்டில் யாரும் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் படித்துப் பார்த்ததில்லை. இனியும் படிக்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு, இவர் போன பிறகு ரகசியமாக டாக்டருக்கு இன்னொரு கேள்வி அனுப்பலாம். உத்தமமான கேள்வி. அவர் உத்தமமாகப் பதில் சொல்வார், குறிப்பைப் பார்க்கவும் என்று. அடுத்த மாதம் அவள் மற்ற கோடர்களைத் தணிக்கை செய்யும் மேஜைக்குப் போகவேண்டியவள். பிழை என்று வெளியிலிருந்து ஒரு காகிதம் போனால் அது நடக்காது. மாறாக, ஒரு வருஷத்துக்கு அவளுடைய ஒவ்வொரு சார்ட்டையும் நேற்று வந்த யாரோ ஒருவர் திருத்திப் பார்ப்பார்.

"இதுக்கு வழியே இல்லையா சார்?" என்று கொழுந்தன் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான்.

சரிபார்ப்பாளர் ஃபாரத்தைப் புரட்டினார். மனசில் ஈரம் இல்லாதவர் இல்லை, அந்த ஈரத்துக்கும் கட்டம் வேண்டும் அவருக்கு. "நோயாளியின் கூற்று, ஏற்கப்படாது. உறவினரின் கூற்று, ஏற்கப்படாது. டாக்டரின் திருத்தம், அது வரலை. கடைசியா ஒண்ணு இருக்கு. 'கோடரின் பிழை அறிவிப்பு.' அந்தக் கோடரே தன் கையால, நான் போட்டது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, கோட் நிறுத்திவெக்கப்படும். ஓட்டிக்காட்டற சோதனைக்கு அனுமதிக்கலாம். டாக்டர் இருபத்தோரு நாள்ல திருத்தி எழுதியாகணும், இல்லேன்னா அவரோட மேலதிகாரி பதில் சொல்லணும்." பெருமூச்சு விட்டார். "பதினாலு வருஷ சர்வீஸ்ல இந்தக் கட்டத்தை யாரும் நிரப்பி நான் பாத்ததில்ல. எங்க இருக்காங்களோ, யாரோ."

அவள் எழுந்தாள்.

கதவுவரை பத்தடிகூட இல்லை. அவள் அட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். சரிபார்ப்பாளர் தன் தலைக்கு மேல் கை நீண்டதைப் பார்த்து லேசாகக் குனிந்துகொண்டார். அட்டையை அவர் முன்னால், விளிம்பு பிசகாமல், ஃபாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தப் பாவி நான்தான்" என்றாள்.

சுவரில் கடிகாரம் மட்டும் கூச்சமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மாமியார் அட்டையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். முந்தானை வாய்க்குப் போயிற்று. கொழுந்தன் அட்டையைக் கையில் எடுத்து, முதல்முறையாகப் படித்தான். அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

"அப்ப அன்னைக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சது... என் விரலைப் பாத்துத்தானா அண்ணி?"

அவளால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. பத்தொன்பது வருஷமாக அழுகலுக்கு அழாத கண் இப்போது தாரைதாரையாக வடிந்தது.

சரிபார்ப்பாளருக்கு இது எதிலும் கவனமில்லை. அவர் வேறொரு சங்கடத்தில் இருந்தார். "ஒரு நிமிஷம்மா. நீங்க இவரோட அண்ணி. உறவினர் கூற்று ஏற்கப்படாது. நீங்க கோடர். கோடர் அறிவிப்பு ஏற்கப்படும்." பென்சிலை இரண்டு கட்டங்களுக்கும் நடுவே முன்னும் பின்னும் அசைத்தார். "ரெண்டும் ஒரே ஆளா இருந்தா என்ன பண்றதுன்னு இதுல இல்லையே. நான் மேல கேட்டுத்தான்..."

மேல கேட்டால் மாதக்கணக்காகும் என்று அவளுக்குத் தெரியாதா! கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இல்லக்கா திரும்பி வந்தாள்.

"சார், கோடர் அறிவிப்புக் கட்டத்துல என்னென்ன கேட்டிருக்கு? படிங்க."

"கோடர் எண். தேதி. பிழையின் விவரம். கையெழுத்து."

"உறவு கேட்டிருக்கா?"

அவர் ஃபாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கேக்கலை."

"கேக்காததை நீங்க எழுதலாமா?"

அந்த மனிதர் முகத்தில் முதல்முறையாக ஒரு மலர்ச்சி வந்தது. சிக்கலான கணக்கு ஒன்று மீதியில்லாமல் வகுபட்டது போன்ற மலர்ச்சி. "கூடாது" என்றார். "கூடவே கூடாது." பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

அவள் எழுதினாள். ஒரே பக்கத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வரிகள் இருந்தன. ஒருமுறை கேட்டேன், பதில் போதவில்லை. மறுபடி கேட்டிருக்க வேண்டும். அன்று மாலைக்குள் என் பாக்கியைப் பூஜ்யம் ஆக்குவதற்காகக் கேட்காமல் விட்டேன். போடவேண்டிய எண் இசட்-89.421, வலது காலில் விரல் எடுக்கப்பட்டது. கடைசி வாக்கியம் எழுதுமுன் அவள் நிறுத்தினாள். திரும்பினாள். முக்காலிமேல் இன்னும் நீட்டியபடி இருந்த காலை நேருக்கு நேர் பார்த்தாள். சுருங்கி, வெளுத்து, வழவழப்பாக ஒரு தழும்பு, அவ்வளவுதான். இதைப் பார்க்கவா இத்தனை மாதம் சுவரைப் பார்த்தோம் என்று இருந்தது.

"என்ன அண்ணி, மயக்கம் வருதா? தண்ணி தெளிக்கட்டுமா?" என்றான் கொழுந்தன்.

"சும்மா இரு தம்பி. நாலுதானான்னு பாக்கறேன்."

கையெழுத்துப் போட்டாள். சரிபார்ப்பாளர் மை காயும்வரை காத்திருந்து, பிரதியில் ஒன்று அவளுடைய ஆபீசுக்குப் போகும் என்று வருத்தமாகச் சொன்னார். அவள் தெரியும் என்றாள்.

மாமியார் அதுவரை தூணோடு தூணாக நின்றவர் அருகில் வந்தார். "ஏம்மா, நான் திட்டினது அந்த நம்பரைத்தான். உன்னை இல்ல."

"தெரியும் அத்தை."

"விளங்குவாளான்னு கேட்டதும் நம்பரைத்தான்."

"தெரியும் அத்தை."

சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடிக்குரலில், "கடிகாரத்தைத் திருப்பிக் கேப்பாங்களா?"

"கேட்டாலும் கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றார் மாமியார். "அஞ்சு நிமிஷம் ஸ்லோவாத்தான் ஓடுது சனியன்."

சரிபார்ப்பாளர் திடுக்கிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பையைக் கட்டினார், எழுந்தார், நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்தார். "திங்கட்கிழமை எட்டு மணி. மெயின் கேட்ல வந்து நில்லுங்க" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்கு ஃபாரத்தில் இடம் இல்லை போலும். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படியிறங்கினார்.

கொழுந்தன் கதவைச் சாத்தப் போனவன் நின்றான். மூலையைப் பார்த்தான்.

"சார்! சார், குடை!"

தூறலில் தோளை ஒடுக்கிக்கொண்டு போனவர் திரும்பி ஓடி வந்தார். ஒரு கையில் அண்ணியின் அட்டையை இன்னும் பிடித்திருந்த கொழுந்தன், மறுகையால் குடையை நீட்டினான்.

"இப்பவே வாங்கிட்டுப் போயிடுங்க சார். திங்கட்கிழமைக்கு மேல தேடிட்டு வந்தா அந்த ரூம்ல நான் இருக்கமாட்டேன்."

அவர் குடையை விரித்து, தெருவில் இறங்கி நடந்தார். கொழுந்தன் வலது காலைத் தூக்கி, பாதத்தால் கதவைத் தள்ளினான். காலால் கதவைச் சாத்தாதே என்று முப்பது வருஷமாகத் திட்டுகிற மாமியார் இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாலு விரலும் அழுந்த, கதவு மெல்லப் போய்ச் சாத்திக்கொண்டது.